ஹைன்ரிக் ஷ்லீமனும் அவர் மொழி பயின்ற முறையும்

அந்நிய மொழியொன்றைக் கற்கப் புகுவார்க்கு முதற்கண் எழும் ஐயம், சொற்களைத் தனித்தனியே நெட்டுருச் செய்தல் வேண்டுமோ, அன்றித் தொடர்களையும் வாக்கியங்களையும் முழுமையாகப் பயிலுதல் வேண்டுமோ என்பதாம். நம் மாணவருட் பலர், ஏட்டின் ஒருபுறம் ஆங்கிலச் சொல்லும் மறுபுறம் அதன் தமிழ்ப் பொருளுமாக எழுதி நிரப்பி, நாளொன்றுக்கு இத்தனை சொல் என வரையறுத்துக்கொண்டு உழைக்கின்றனர். உழைப்பிற் குறையில்லை. ஆயினும், ஓர் அயலார் எதிரே நின்று நான்கு வார்த்தை பேசவேண்டிய பொழுதில், ஏட்டிற் கிடந்த சொற்கள் ஏட்டிலேயே தங்கிவிடுகின்றன, நா எழுவதில்லை. இதற்குக் காரணம் யாது? இவ்வினாவை வெறும் வாதத்தால் தீர்க்க முயலுவதினும், மொழி பயிலுதலையே பிழைப்பிற்குரிய வழியாகக் கொண்டு உயர்ந்த ஒருவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து விடை காணுதல் நலமெனக் கருதி, டிராய் நகரைத் தோண்டிக் கண்டவரென உலகம் போற்றும் ஹைன்ரிக் ஷ்லீமன் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவைத்தல் நம் கடமையாகும். ஷ்லீமனது இளமையைப்பற்றி நாம் அறிவன பெரும்பாலும், 1880-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இலியோஸ்’ என்னும் நூலின் முகப்பில் அவரே எழுதிவைத்த சுயசரிதையினின்றும் கிடைப்பன. அவர் தம்மைப்பற்றிக் கூறியவற்றுட் சில உண்மையல்ல என்பதை 1970-களுக்குப்பின் அறிஞர் பலர் ஆராய்ந்து காட்டியுள்ளனர். ஆதலின், அவர் சொற்களை அப்படியே விழுங்காமலும், முற்றும் தள்ளிவிடாமலும், நடுநிலையில் நின்று நோக்குவோம். அவர் பல மொழிகளை எழுதவும் பேசவும் வல்லவராயிருந்தார் என்பதில் மட்டும் ஐயமில்லை. அவர் எழுதிய கடிதங்களும் பயண நாட்குறிப்புகளும் இன்றும் ஆதென்ஸ் நகரில் ஒரு நூல்நிலையத்தில் உள்ளன. அவையே அதற்குச் சான்று.

ஷ்லீமன் 1822-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் நாள், ஜெர்மனியின் வடபாலுள்ள மெக்லன்பர்க் நாட்டில் நொய்புக்கோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் தந்தை ஒரு புராட்டஸ்டண்டு குருவாவார். அடுத்த ஆண்டிலேயே குடும்பம் அங்கர்ஸ்ஹாகன் என்னும் கிராமத்திற் குடியேறிற்று. 1831-ஆம் ஆண்டில் தாயார் இறந்தார். அத்துடன் குடும்பத்தின் நல்வாழ்வும் சிதைந்தது. சிறுவர் உறவினர் வீட்டிற்கு அனுப்பப்பட்டார். 1833-இல் உயர்தரப் பள்ளியொன்றிற் சேர்ந்தும், தந்தையார்க்கு நேர்ந்த பொருள்முட்டால் சில மாதங்களுள் அதனை விட்டு, தொழிலுக்குரிய கல்வி கற்பிக்கும் தாழ்ந்த பள்ளிக்கு மாறினார். 1836-ஆம் ஆண்டில், பதினான்கு வயதில், அதுவும் முடிந்தது. பியூர்ஸ்டன்பர்க் என்னும் ஊரில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கமர்ந்தார். காலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணிவரை உப்பும், எண்ணெயும், மீனும் நிறுத்துக் கொடுத்தலும் கடை பெருக்குதலுமே அவர் வேலை. ஐந்தரை ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. படித்தது கொஞ்சம், அக்கொஞ்சமும் மறந்தது.

அக்கடையில் நிகழ்ந்ததாக அவர் கூறும் ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக ஏற்புடையது. பள்ளியிற் கிரேக்கம் பயின்று, பின் குடிக்கு அடிமையாய்க் கெட்டுப்போன ஓர் இளைஞன், ஒருநாள் மாலை கடைக்குள் வந்து ஹோமர் என்னும் பெரும்புலவரின் பாடல்களுள் நூறடியளவு இசையோடு ஓதினானாம். ஷ்லீமனுக்கு அதில் ஒரு சொல்லின் பொருளும் விளங்கவில்லை. ஆயினும் அவ்வோசை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது; தம் கையிலிருந்த சில்லறைக் காசுகளையெல்லாம் சாராயத்திற்குக் கொடுத்து, மும்முறை அதனை ஓதக் கேட்டு அழுதார் என்பது அவர் கூற்று. இது நடந்ததோ, பிற்காலத்துக் கற்பனையோ, நாம் அறியோம். எனினும், மொழியானது முதலில் பொருளாக அன்று, ஓசையாகவே செவியில் நுழைகின்றது என்னும் உண்மையை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இஃது ஓர் அறிகுறியாகும்.

கனமான பீப்பாயொன்றைத் தூக்கியதால் மார்பில் ஊறுபட்டு, இரத்தம் கக்கி, அவர் அவ்வேலையை இழந்தார். பின் ஹாம்பர்க் துறைமுகத்திற்குச் சென்று, தென்னமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டிற்குச் செல்லும் ‘டொரொதேயா’ என்னும் கப்பலில் ஏறினார். 1841-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அக்கப்பல் புயலில் அகப்பட்டு, ஒல்லாந்தின் டெக்ஸல் தீவருகே உடைந்தது. உயிரொன்றே தப்பியது. உடுக்க உடையின்றி, கையில் காசின்றி, பேச மொழியின்றி, அவர் ஆம்ஸ்டர்டாம் நகர் புகுந்தார். இருபது வயது நிரம்பாத அவ்விளைஞர்க்கு மொழி என்பது தேர்விற்குரிய பாடமன்று, சோற்றுக்குரிய வழி. இவ்வேறுபாட்டை நம் மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிக நிலையத்தில் அவர்க்கு ஏவலாள் வேலை கிடைத்தது. உண்டியல்களுக்கு முத்திரையிடுவதும், நகரெங்கும் திரிந்து பணம் பெற்று வருவதும், தபால் நிலையத்திற்குக் கடிதம் கொண்டுபோவதுமே தொழில். ஆண்டொன்றுக்குச் சம்பளம் 800 பிராங்கு. அதிற் பாதியைக் கல்விக்கென ஒதுக்கினார். மாதம் 8 பிராங்கு வாடகையில் ஒரு மேன்மாடத்துச் சிற்றறை; குளிர்காலத்தில் மூட்டத் தீயில்லை; கோடையிற் கொதிக்கும் வெப்பம். காலையுணவு கம்பரிசி மாவில் வார்த்த கூழ். நண்பகலுணவோ அதனினும் எளியது. மனம் மட்டும் அறிவற்ற அவ்வேலையில் ஈடுபடாமல் ஓய்வாயிருந்தது. அவ்வோய்வையே அவர் முதலாகக் கொண்டார்.

முதலில் தம் கையெழுத்தைத் திருத்திக்கொண்டு, பின் ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். அதற்கு அவர் வகுத்துக்கொண்ட முறையை இனி விளக்குவோம். உரத்த குரலில் நிரம்பப் படித்தல். படிப்பதைத் தம் மொழியிற் பெயர்க்காதிருத்தல். நாள்தோறும் ஒரு மணி நேரம் பாடங் கேட்டல். தமக்கு விருப்பமான பொருள்பற்றி நாள்தோறும் ஒரு சிறு கட்டுரை எழுதுதல். அதனை ஆசிரியரிடங் காட்டித் திருத்திக்கொள்ளுதல். திருத்திய வடிவத்தை நெட்டுருச் செய்து மறுநாள் ஒப்பித்தல் – இவையே அதன் உறுப்புகள். ஞாயிறுதோறும் இருமுறை ஆங்கிலேயர் கோயிலுக்குச் சென்று, உபதேசியார் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவர்பின் தமக்குள்ளே மெல்லச் சொல்லிப் பார்த்து, உச்சரிப்பைப் பண்படுத்திக்கொண்டார். மழையிற் செல்லும்பொழுதும் கையிற் புத்தகம். தபால் நிலையத்திற் காத்து நிற்கும்பொழுதும் கையிற் புத்தகம்.

இளமையிற் பழக்கப்படாமையால் தமக்கு நினைவாற்றல் மிகக் குறைவாயிருந்ததென்று அவர் கூறுகின்றார். ஆனால் மூன்று மாதங்களுள், மும்முறை கருத்தூன்றிப் படித்தால், அச்சிட்ட இருபது பக்கங்களை ஆசிரியர்முன் ஒப்பிக்கும் வன்மை வந்துவிட்டதாம். இம்முறையில் கோல்டுஸ்மித் இயற்றிய ‘வேக்பீல்டு குருவானவர்’ என்னும் கதையையும், ஸ்காட்டு இயற்றிய ‘ஐவன்ஹோ’வையும் முழுமையாக நெட்டுருச் செய்தார். ஆறு மாதங்களில் ஆங்கிலம் கைவந்ததென்றும், அடுத்த ஆறு மாதங்களிற் பிரெஞ்சு வந்ததென்றும், அதன்பின் ஒல்லாந்தம், ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துக்கீசியம் ஆகிய ஒவ்வொன்றிற்கும் ஆறு வாரங்களுக்குமேல் வேண்டியிருந்ததில்லை என்றும் எழுதுகின்றார். பிரெஞ்சிற்கு அவர் நெட்டுருச் செய்தவை பெனெலோன் இயற்றிய ‘தெலெமாக்’ என்னும் கதையும், ‘பாலும் விர்ஜினியும்’ என்னும் கதையுமாம். வாரக் கணக்குகளில் அவர் சிறிது மிகைபடக் கூறியிருக்கலாம். ஆனால் முறையை நோக்குவோமாயின், அது நம்பத்தக்கதே. அவர் ஒரு மொழியிலும் சொற்பட்டியலைக் கையிற்கொண்டு தொடங்கினாரல்லர். நிறைவுள்ள நூலொன்றைக் கையிற்கொண்டே தொடங்கினார்.

இம்முறையின் உள்ளீடு எதுவென்பது, அவர் ருஷிய மொழி கற்றதினின்றும் நன்கு புலனாகும். 1844-ஆம் ஆண்டில் ஷ்ரோடர் என்பாரது பெரிய வணிக நிலையத்தில் அவர்க்கு வேலை கிடைத்தது. நம் நாட்டார் அவுரி என வழங்கும் செடியினின்றும் எடுக்கும் நீலச் சாயம் அந்நிலையத்தாரது முக்கியமான வாணிகப் பொருள்களுள் ஒன்று. அதனை வாங்குவார் ருஷிய நாட்டில் மிகுதி. ஆகவே ருஷிய மொழி கற்கத் துணிந்தார். ஆம்ஸ்டர்டாமில் அம்மொழி கற்பிப்பார் ஒருவரும் அகப்படவில்லை. கிடைத்தவை ஒரு பழைய இலக்கணமும், ஓர் அகராதியும், ‘தெலெமாக்’ கதையின் செவ்வையற்ற ஒரு ருஷிய மொழிபெயர்ப்பும் மட்டுமே. அக்கதை பிரெஞ்சில் அவர்க்கு முன்னரே மனப்பாடமாயிருந்தது. ஆதலால், ருஷிய வாக்கியம் ஒவ்வொன்றின் கருத்தும் படிக்கும்பொழுதே தெளிவாயிற்று. கருத்துத் தெரிந்த வாக்கியத்தில் தெரியாத சொல் நெடுநேரம் ஒளிந்திருத்தல் இயலாது. எழுத்துகளையும் அவற்றின் ஒலிகளையும் முதலில் மனத்திற் பதித்துக்கொண்டு, பின் அக்கதையை நெட்டுருச் செய்யத் தொடங்கினார்.

தனியே ஒப்பித்தல் சலிப்பைத் தந்தது. கேட்பாரொருவர் இருப்பின் ஊக்கமுண்டாகும் என்றெண்ணி, வறிய யூதர் ஒருவரை வாரத்திற்கு நான்கு பிராங்கு கூலிக்கு அமர்த்தினார். அவர் நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் எதிரே அமர்ந்து, தமக்கு ஓரெழுத்தும் விளங்காத ருஷியப் பாடத்தைப் பொறுமையாகக் கேட்டிருந்தார்! ஒல்லாந்து நாட்டு வீடுகளில் மாடங்களுக்கிடையே பலகைத் தளமே உள்ளமையால், ஒரு மாடத்திற் பேசுவது மற்ற மாடங்களிலும் கேட்கும். உடன் குடியிருந்தோர் முறையிட்டனர். ஷ்லீமன் இருமுறை வீடு மாறவேண்டி வந்தது. ஆயினும் ஓதுதலை நிறுத்தினாரல்லர். ஆறு வாரங்கள் கழிந்தபின், இலண்டனிலிருந்த ருஷிய வணிகரொருவர்க்கு அம்மொழியிலேயே முதற்கடிதம் எழுதினார். நீல ஏலத்திற்கு ஆம்ஸ்டர்டாம் வந்த ருஷிய வணிகரோடு அவர்தம் மொழியிலேயே பேசினார். அதன் பயனாக 1846-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்நிலையத்தார் அவரைத் தம் முகவராகச் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்திற்கு அனுப்பினர். அங்கு அடுத்த ஆண்டு முதல் தாமே வாணிகம் தொடங்கிச் சில ஆண்டுகளுட் பெருஞ்செல்வரானார். வாடகை எட்டுப் பிராங்கு கொடுத்துக் குளிரில் நடுங்கிய இளைஞரைச் செல்வராக்கியது, மனப்பாடஞ் செய்த ஒரு கதைப் புத்தகம் எனின் அது மிகையாகாது.

இங்கே ஷ்லீமன் கதையைச் சிறிது நிறுத்தி, அவர் காலத்திலேயே வாழ்ந்த மற்றொருவர் கதையையும் கூறுவோம். பிரான்சுவா குவேன் என்பார் 1831-ஆம் ஆண்டிற் பிறந்து 1896-இல் மறைந்த பிரெஞ்சு ஆசிரியர். ஜெர்மானிய மொழி கற்கும் விருப்பத்தோடு ஹாம்பர்க் நகர் சென்ற அவர், பத்து நாட்களில் அம்மொழி இலக்கணத்தையும், 248 ஒழுங்கில் வினைகளையும் நெட்டுருச் செய்தார். கழகத்திற்குச் சென்று ஆசிரியரது விரிவுரையைக் கேட்டார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. குறை சொற்களில் உள்ளது போலும் என்றெண்ணி, வேர்ச்சொற்களை மனப்பாடஞ் செய்தார், அப்பொழுதும் விளங்கவில்லை. இறுதியாக, அகராதி முழுவதையும், நாளொன்றுக்குப் பத்துப் பக்கமாக, முப்பது நாளில் முப்பதாயிரம் சொற்கள் நெட்டுருச் செய்து முடித்தார். மீண்டும் விரிவுரை கேட்கச் சென்றார். மீண்டும் ஒரு சொல்லும் விளங்கவில்லை! கண்ணும் கெட்டு, மனமும் நொந்து, ஊர் திரும்பினார்.

ஊரில், தாம் புறப்பட்ட காலத்தில் பேச அறியாதிருந்த தம் மருமகப்பிள்ளை, மூன்று வயதிற் கிளிபோற் பேசிக்கொண்டிருத்தலைக் கண்டார். அக்குழந்தை ஒருநாள் மாவரைக்கும் ஆலையொன்றைக் கண்டு வந்து, மூட்டையை அவிழ்த்தது, தானியத்தைக் கொட்டியது, கல் சுழன்றது, மாவு விழுந்தது என நிகழ்ந்தவற்றை நிகழ்ந்த முறையிலேயே சொல்லி விளையாடிற்று. சொற்கள் ஒன்றோடொன்று செயலால் தொடுக்கப்பட்டு வருதலே குழந்தை மொழி கற்கும் வழி எனக் குவேன் கண்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1880-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஐரோப்பிய நாடுகளில் மொழி கற்பிக்கும் முறை திருந்துதற்கு அது பெரிதும் துணைசெய்தது. ஷ்லீமன் தம் சுயசரிதையை வெளியிட்ட அதே ஆண்டு அது என்பது நினைக்கத்தக்கது. முப்பதாயிரம் சொல் கற்றவர் வாய் திறவாது திரும்பினார். ஒரு கதைப் புத்தகம் கற்றவர் வாணிகம் செய்து வென்றார். உழைப்பில் இருவரும் ஒப்பர், முறையிலன்றோ வேறுபட்டனர்!

இவ்வேறுபாட்டின் காரணத்தை நம் தாய்மொழியைக் கொண்டே விளக்குதல் கூடும். ‘கை’ என்பது ஒரு சிறு சொல். அதன் பொருளை அகராதியிற் கண்ட அயல்நாட்டார் ஒருவர், கொடுத்தல், விடுதல், கூடுதல், மாறுதல் என்பவற்றின் பொருளையும் தனித்தனியே கற்றார் எனக் கொள்வோம். அவர்க்குக் கைகொடுத்தல் உதவுதலென்றும், கைவிடுதல் துறத்தலென்றும், கைகூடுதல் நிறைவேறுதலென்றும், கைமாற்று வட்டியில்லாக் கடனென்றும் எவ்வாறு தோன்றும்? இரண்டு சொற்களின் பொருளைக் கூட்டினால் தொடரின் பொருள் வந்துவிடாது. அவ்வாறே, ஆங்கிலத்தில் ‘லுக்’ என்பதன் பொருளை அறிந்த நம் மாணவர்க்கு, ‘லுக் ஆஃப்டர்’ என்பது பேணுதலென்றும், ‘லுக் ஃபார்’ என்பது தேடுதலென்றும் தாமே தோன்றா. ஆள்பவர் எந்தச் சொல்லை எந்தச் சொல்லோடு சேர்த்து வழங்குகின்றனரோ, அச்சேர்க்கையே மொழி. சேர்க்கையை விட்டுச் சொல்லை மட்டும் கொண்டுவருதல், செடியை வேரோடு பெயர்க்காமல் இலையைக் கிள்ளிக் கொணர்ந்து நட்டதனோடு ஒக்கும்.

அங்ஙனமாயின் சொற்களைக் கற்றலே வேண்டாவோ எனின், அற்றன்று. சொல்லறியாதார்க்குத் தொடர் வெற்றோசையே. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனப்பாடஞ் செய்தனர். ஒரு பொருட்குரிய பல சொற்களும் செய்யுளிற் கோக்கப்பட்டு அவர் நாவில் நின்றன. ஆனால் அவர் நிகண்டோடு நின்றாரல்லர். நீதிநூல்களையும் சதகங்களையும் உடன் ஓதினர். நிகண்டிற் கற்ற சொல் செய்யுளில் உயிர்பெற்றது. ஷ்லீமனும் அகராதியை வெறுத்தாரல்லர். ருஷியம் கற்கும்பொழுது அதனை அருகில் வைத்திருந்தார். பெயர்களின் வேற்றுமை வடிவங்களையும் வினைகளின் வடிவங்களையும் இலக்கண நூலிலேயே கற்றார். ஆனால் அவற்றை வாயிலாகக் கொண்டாரேயன்றி வீடாகக் கொண்டாரல்லர்.

இதற்கு அவர் கிரேக்கம் கற்ற வரலாறு தக்க சான்று. இளமை முதல் அவர் விரும்பிய மொழி அதுவே. ஆயினும், அதன் கவர்ச்சியில் ஈடுபட்டு வாணிகத்தை மறந்துவிடுவோம் என்றஞ்சி, செல்வம் நிலைபெறும்வரை அதனைத் தொடாதிருந்தார் எனக் கூறுகின்றார். 1854-இல் சுவீடிஷ், போலிஷ் மொழிகளைக் கற்றபின், 1856-ஆம் ஆண்டிலேயே கிரேக்கத்தைத் தொட்டார். முதலில் இக்காலக் கிரேக்கம். தாம் நன்கறிந்த ‘பாலும் விர்ஜினியும்’ கதையின் கிரேக்க மொழிபெயர்ப்பை எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் பிரெஞ்சு மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தார். முதன்முறை படித்தபொழுது அந்நூலின் சொற்களிற் பாதி தெரிந்தன; இரண்டாம் முறையில் ஏறக்குறைய எல்லாம் தெரிந்தன; அகராதியைப் புரட்டுதலில் ஒரு நொடியும் வீணாகவில்லை என்கின்றார். ஆகவே சொற்களை அவர் விட்டுவிடவில்லை. வாக்கியத்தின் வழியே அவற்றைப் பெற்றார் என்பதே உண்மை. பின்னர்ப் பழைய கிரேக்கத்தில் ஹோமரின் காவியங்களைத் திரும்பத் திரும்பப் படித்தார். எட்டாண்டு இலக்கண விதிகளை உருப்போட்டும் ஒரு கிரேக்கக் கடிதம் பிழையற எழுதமாட்டாத மாணவரைக் கண்டு, அம்முறையை அவர் கடிந்துரைத்தார்.

பின்னர் வாணிகத்தை முடித்துக்கொண்டு உலகப் பயணம் மேற்கொண்டார். 1864-ஆம் ஆண்டிற் புறப்பட்ட அப்பயணத்தில் எகிப்து வழியாக இலங்கைக்கும், அங்கிருந்து நம் சென்னைக்கும், பின் கல்கத்தா, காசி, ஆக்ரா, டில்லி முதலிய இடங்களுக்கும் சென்று, சீனத்தையும் ஜப்பானையும் கண்டார். சீனத்தையும் ஜப்பானையும்பற்றிப் பிரெஞ்சு மொழியில் அவர் எழுதிய நூலே அவரது முதல் நூல். தாய்மொழியல்லாத மொழியில் முதல் நூலெழுதத் துணிந்தமை, அவர் கற்ற கல்வி நாவளவில் நின்றதன்று என்பதைக் காட்டும். பயண நாட்குறிப்புகளையும் தாம் சென்ற நாடுகளின் மொழிகளிலேயே எழுதி வந்தார். பயணமே அவர்க்குப் பயிற்சிச் சாலையாயிற்று.

1868-ஆம் ஆண்டில் அவர் கிரேக்க நாட்டையும், பழைய டிராய் இருந்த துருக்கிக் கடற்கரையையும் காணச் சென்றார். ஹிசார்லிக் என்னும் மேடே டிராய் என்று அவர்க்குச் சுட்டியவர், அங்கு வாழ்ந்த பிராங்கு கால்வர்ட்டு என்பார். 1869-இல் ஆதென்ஸ் நகரத்துப் பெண்மணியாகிய சோபியாவை மணந்தார். 1871 முதல் 1873 வரை அம்மேட்டைத் தோண்டினார். 1876-இல் மைசீனியில் அரச சமாதிகளையும் பொன் முகமூடிகளையும் கண்டெடுத்தார். ஹோமர் பாடியவை வெறுங்கதை என்றெண்ணியிருந்த உலகம் திகைத்து நோக்கியது.

ஈண்டு அவர் குறையையும் மறையாது கூறுவோம். ஹோமரின் பாடல் முழுவதும் நெஞ்சில் நின்றமையால், அதிற் கண்டதையெல்லாம் மண்ணிற் காண அவர் விரைந்தார். மேட்டின் நடுவே பெரும் பள்ளம் வெட்டி, இடையிலிருந்த பிற்காலக் கட்டடங்கள் பலவற்றை அழித்தார். 1873-இல் கிடைத்த பொற்புதையலைப் பிரியாம் மன்னனுடையதென முழங்கினார்; அது டிராய்ப் போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்திற்கு ஓராயிரம் ஆண்டிற்குமேல் முற்பட்டதெனப் பின்னர் தெளிவாயிற்று. அப்புதையலைத் துருக்கி அரசாங்கத்தார் அறியாமல் வெளியே கொண்டுசென்றமையால் வழக்கும் தொடரப்பட்டு, அவர் பொருள் கொடுத்துத் தீர்க்கவேண்டியதாயிற்று. மனப்பாடம் ஆர்வத்தைத் தரும், துணிவைத் தரும், ஆனால் ஆராயும் பொறுமையைத் தானே தந்துவிடாது.

ஆயினும், மொழி பயிலும் காலத்தில் அவர் கைக்கொண்ட ஒரு பழக்கம் இங்கும் அவரைக் காத்தது. அது, தாம் எழுதியதைப் பிறர் திருத்தக் கொடுத்து, திருத்தியதையே ஏற்றல். 1882-ஆம் ஆண்டில் டோர்ப்பெல்டு என்னும் இளங்கட்டடக் கலைஞரைத் துணையாகக் கொண்டார். தம்மினும் வயதிற் பெரிதும் இளைய அவர் மண்ணடுக்குகளைப் பிரித்துக் காட்டித் திருத்தியவற்றை ஏற்கவும் செய்தார். 1890-இல் அவ்விருவரும் தோண்டியபொழுது, ஹோமர் காலத்து நகரம் தாம் எண்ணிய அடுக்கிலன்றி, அதற்கு மேலுள்ள அடுக்கிலேயே இருத்தல் கூடும் என்பதற்குச் சான்றுகள் வெளிப்பட்டன. இருபதாண்டு முழங்கிய கொள்கை, கண்ணெதிரே ஆட்டங் கண்டது. அதனை மேலும் ஆராய அவர்க்கு நாளில்லை.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் காதுநோய்க்காக ஹாலே நகரில் சத்திர சிகிச்சை செய்துகொண்டு, முற்றும் குணமாகுமுன் வீடு நோக்கிப் புறப்பட்டார். கிறிஸ்துமஸ் நாளன்று நேப்பிள்ஸ் நகரத் தெருவில் மயங்கி வீழ்ந்தார். நினைவு இருந்தும் நா எழவில்லை. பத்துக்கு மேற்பட்ட மொழிகளிற் பேசிய அவ்வாய், தம் பெயரையும் ஒரு மொழியிலும் சொல்லமாட்டாது அடங்கியது. மறுநாள், 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், அவர் உயிர் நீத்தார். ஆதென்ஸ் நகரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

அவர் வாழ்க்கையினின்றும் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை பெறலாம். சொல்லா தொடரா எனின், தொடரின் வழியாகச் சொல் என்பதே அவ்விடை. தமக்குப் பொருள் தெரிந்த ஒரு நல்ல நூலைத் தேர்க. அதனை வாய்விட்டு ஓதுக. ஒரு பக்கமேனும் பிழையற நெஞ்சில் நிறுத்துக. நாள்தோறும் சில வரிகள் எழுதுக. எழுதியதை அறிந்தார் ஒருவரிடங் காட்டித் திருத்துக. திருத்தியதை மறுநாள் ஒப்பிக்க. அகராதியிற் பார்த்த சொல்லைக் குறிப்பேட்டில் எழுதுங்கால், அதனைத் தனியே நிறுத்தாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதுக. இம்முறை ஆங்கிலத்திற்கு மட்டுமன்று. வடமொழி, இந்தி, தெலுங்கு முதலிய எம்மொழி பயில்வார்க்கும் ஒக்கும்.

ஷ்லீமனுக்கு வாய்த்தவை குளிர்ந்த சிற்றறையும், விளங்காத மொழியைப் பொறுமையாகக் கேட்டிருந்த ஒருவருமே. நம் மாணவர்க்கோ நூல்நிலையமும், ஆசிரியரும், ஒருவர்க்கொருவர் ஓதிக் கேட்க விடுதித் தோழரும் உளர். அடுத்த அறையினர் முறையிடுவரே என்னும் அச்சம் ஒன்றே இடையூறாயின், ஆற்றங்கரையோ விளையாட்டு வெளியோ இருக்கவே இருக்கின்றது.